கலிஃபோர்னியாவில் பாராலீகல்: சான்றிதழா, ஓராண்டு அனுபவமா?

வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்ட வேலை செய்பவர் பாராலீகல். அப்படிச் சொல்லிக்கொள்ள கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டம் 6450ஆம் பிரிவில் சில வழிகள் உண்டு. ஏற்கெனவே ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் வைத்திருப்பவருக்குத் தோதானவை இரண்டு.

ஒன்று, சான்றிதழ் படிப்பு. பொதுவாக சட்டப் பாடங்களில் 24 யூனிட் (செமஸ்டர் பாட அளவு) வேண்டும். சமுதாயக் கல்லூரியில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், மொத்தம் 1,104. புத்தகச் செலவு தனி. பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவுகளில் இதுவே பல மடங்கு. பட்டதாரி என்பதால் பெல் என்ற மத்திய அரசு உதவித்தொகையும் கிடையாது.

மற்றது, வழக்கறிஞரிடம் ஓராண்டு சட்ட வேலை. குறைந்தது 3 ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர், இவர் பாராலீகல் வேலைக்குத் தகுதியானவர் என்று எழுத்தில் தர வேண்டும். கட்டணம் இல்லை, வில்லங்கம் அந்தக் கடிதத்தில்தான். போன் எடுத்தும் கோப்பு அடுக்கியும் ஓட்டிய வருடத்துக்கு எவரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். மனு வரைவு, ஆவணக் கோரிக்கை, சாட்சிய அட்டவணை என்று செய்ததை வாராவாரம் குறித்து வைக்க வேண்டும்.

அந்த ஓராண்டில் கிடைக்கும் உதவியாளர் சம்பளம் பாராலீகல் சம்பளத்தைவிட மணிக்கு 4 டாலர் குறைவு என்று வைத்தால், முழுநேர ஆண்டின் 2,080 மணி நேரத்துக்கு 8,320 டாலர் விட்டுப்போகிறது. 1,104 டாலர் படிப்பு இதில் சுலபமாக ஜெயிக்கும். 9,000 டாலர் படிப்பு தோற்கும்.

கல்லூரி விளம்பரங்கள் காட்டும் 61,010 டாலர் ஆண்டுச் சம்பளம் (2024 மே, தேசிய இடைநிலை, அதாவது பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) அனுபவசாலிகளையும் சேர்த்த கணக்கு. அதை முதல் வருடச் சம்பளமாக எடுத்துக் கடன் வாங்கக் கூடாது.