சாட்ஸ்வர்த் தமிழ் நூலகத்தில் கோஹா: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

டர்பன் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தை ஒட்டி இருக்கும் எங்கள் சின்னத் தமிழ் நூலகம் கோஹாவுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. நியூசிலாந்தில் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் அங்கேயே ஒரு நூலகத்தில் முதலில் ஓடிய, புத்தகப் பட்டியலையும் இரவலையும் கவனித்துக்கொள்ளும் திறந்தமூல நூலக மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது, சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்தான் செலவு. எங்களைப் போல நன்கொடையில் ஓடும் நூலகத்துக்கு ஏற்றதுதான், ஆனால் தமிழுக்கென்று தனியாக மெனக்கெட வேண்டும்.

நிறுவிக் கொடுத்தவர் தேடல் அட்டவணையை ஐசியு முறைக்கு, அதாவது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் சரியாகக் கையாளும் முறைக்கு, மாற்றாமல் போய்விட்டார். தமிழில் தட்டினால் எதிர் அலமாரியில் இருக்கும் புத்தகமே வராது. மாற்றி, எல்லாப் பதிவுகளையும் மறுபடி அட்டவணைப்படுத்திய பிறகுதான் சரியானது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை, இங்கே தமிழ் பேசத் தெரிந்த பலருக்கு எழுத்து தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். காவடி என்பதை டர்பனில் டி, ஒய் (dy) போட்டு முடிப்போம், ஆனால் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இறக்கும் புத்தகப் பதிவில் அது கீழே புள்ளி வைத்த 'ட்டீ'யும் ஐ-யும் (ṭi). இரண்டும் எங்கே சந்திக்கும்? அதனால் புத்தகப் பதிவுக்கான மார்க் (MARC) வடிவத்தில் தமிழ் எழுத்துத் தலைப்பை வேற்றெழுத்து வடிவத்துக்கான 880 புலத்திலும், உள்ளூர் எழுத்துக்கூட்டலை மாற்றுத் தலைப்புக்கான 246-லும் கையால் சேர்க்கிறோம். சலிப்பான வேலைதான், ஆனால் அப்படிச் சேர்த்த புத்தகம்தான் ஆள் கண்ணில் படுகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அறிக்கைகள். தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழி தெரிந்த ஒரு பையன் எழுதிக் கொடுத்தான், கடைசியாக எப்போது இரவல் போனது என்று ஒவ்வொரு பிரதிக்கும் தேதி வரும். தாத்தா போனதும் பேரப்பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிய நாவல்களில் பாதி அசையவே இல்லை, இருமொழிச் சிறுவர் புத்தகங்களோ அலமாரியில் தங்குவதே இல்லை. சென்னையிலிருந்து தருவித்தால் கப்பல் செலவும் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்துவிடும், ஆகவே இப்போது இந்தப் பட்டியலைப் பார்க்காமல் எதற்கும் ஆர்டர் போடுவதில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து வரும் பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள், அது இரவல் கணக்கில் ஏறாது. திருப்பி வாங்கும்போது உள்ளிருந்து படித்ததையும் பதியும் அமைப்பு ஒன்று கோஹாவில் இருக்கிறது, அதை இயக்கிவிட்டு மேசையில் கிடக்கும் புத்தகங்களை மாலையில் ஸ்கேன் செய்தால் போதும். இதைச் செய்த பிறகு, இரவல் போகவில்லை என்று கழிக்க எடுத்து வைத்திருந்த பக்திப் பாடல் தொகுப்புகள் சில அலமாரிக்கே திரும்பின.

அப்புறம் கோயில் விழா மலர்கள், இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிற தெருக்கூத்தின் நோட்டீஸ்கள், அந்தக்காலக் கல்யாணப் பாட்டுச் சுவடிகள். இவற்றை யாரும் கேட்பதில்லை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக எண் கிடையாது, இறக்கிக்கொள்ளப் பதிவும் கிடையாது. 'இரவலுக்கு இல்லை' என்று குறித்து, கழிக்கும் அறிக்கையிலிருந்தே விலக்கி வைத்துவிட்டோம். இன்னும் சரிவராதது ஆசிரியர் பெயர்தான். உள்ளூர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, தமிழ்நாட்டு எழுத்தாளர்களுக்கு வெறும் முதலெழுத்து, ஒரே அகரவரிசையில் இரண்டையும் அடுக்க யாராவது நல்ல வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.