கனடாப் பலகை முல்லைத்தீவுக் கடலில் எப்படி

கனடாவில் இருக்கிற மச்சான், ஈரி ஏரியில் வால்ஐ மீனுக்குப் பாவிக்கும் இழுவைப் பலகையில் ஒரு சோடி கொண்டுவந்து தந்தார். போட் ஓடும்போது தண்ணீர் சரிந்த முகத்தில் மோதிப் பலகையை வெளிப்பக்கம் தள்ளும், தூண்டில் நூலான தங்கூசியும் அதோடு போகும், இயந்திரச் சத்தத்துக்கு விலகி நிற்கும் மீனுக்கு முன்னாலேயே இரை ஓடும். பலகை நல்ல சாமான். பிரச்சினை முழுக்க, தங்கூசியைப் பலகையோடு பிடித்துவைக்கும் முன் கவ்வியில்தான்.

வந்தபடியே பூட்டினால் நம்முடைய அலைக்குத் தாங்காது, மீன் இல்லாமலே படக்கென்று கழன்றுவிடும். கவ்வியின் சுருள்கம்பியை வாய்ப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் பிடி இறுகும். தங்கூசியைக் கவ்வி வாயில் இருக்கிற இறப்பரின் நுனியில் வைக்காமல் உள்ளே நடுவரைக்கும் விட வேண்டும். பின்னல் நூல் என்றால் வழுக்கும், அதை நாலைந்து தரம் முறுக்கிவிட்டுக் கொடுங்கள். அப்புறம் தங்கூசியைக் கையால் சடக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பாருங்கள்: மெதுவாக இழுத்தால் பிடிக்க வேண்டும், வெட்டினால் விட வேண்டும். அறக்குளா மீன் அடித்தால் முன்பக்கம் திறந்து பலகை படுத்துவிடும், பின் கவ்வியின் நடுவில் இருக்கிற ஊசிக்கு உள்பக்கமாகத் தங்கூசியைப் பூட்டியிருந்தால் பலகை கடலோடு போகாது.

உப்புத்தண்ணீர் சுருள்கம்பியைத் தின்னும், கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் அலசுங்கள். மாரியில் இதைத் தொடவே வேண்டாம். வலை நெருக்கமாகப் போட்டிருக்கிற பக்கமும் கொண்டுபோகாதீர்கள், சிக்கினால் வலைக்காரரிடம் வாங்கிக் கட்ட வேண்டும்.