வகுப்பறைக்கு மீன் தொட்டி: கொளத்தூர் கடை ஒன்றில் வாங்கிய அனுபவம்

சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். வகுப்பறையில் ஓர் உயிரை வளர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது கிளி, ஆமை, முயல் என்று பட்டியல் நீண்டது. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொன்னவுடன் அவை இரண்டும் நீங்கின. முயலுக்குச் சென்னையின் வெயிலும், சனி ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையும் ஒத்துவராது. இரண்டு நாள் உணவின்றி இருந்தாலும் நலமாக இருக்கக்கூடியது மீன் என்பதால் மீனையே தேர்ந்தெடுத்து, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்றேன்.

அங்கே நான்கைந்து கடைகளில் விசாரித்தேன். பெரும்பாலானோர் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பத் தயாராக இருந்தார்கள். நான் வாங்கிய கடையின் உரிமையாளர் மட்டும், "தொட்டியை இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க டீச்சர், மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டால் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதைப் பிள்ளைகள் பார்க்க நேரும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி, மூடி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கூழாங்கல், குளோரின் நீக்கும் மருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைச் சொட்டுகள் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினேன். கண்ணாடியின் ஒட்டு வேலை சுத்தமாக இருந்தது. இதுவரை ஒரு சொட்டும் கசியவில்லை. தண்ணீரும் கல்லும் நிறைந்தால் எடை எழுபது கிலோவை நெருங்கும் என்று சொல்லி, தொட்டியை இறக்க வந்த பையன் எங்கள் பிளாஸ்டிக் மேசையை ஏற்க மறுத்துவிட்டு, சிமெண்ட் திட்டின் மேல் தெர்மாகோல் விரித்து வைத்துக்கொடுத்தான்.

மீன் இல்லாத அந்த நான்கு வாரங்கள்தான் எங்கள் வகுப்புக்குக் கிடைத்த சிறந்த பாடம் என்று மனதார நம்புகிறேன். அழுகி அம்மோனியா உண்டாகட்டும் என்று நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வாரம் இருமுறை சோதனைச் சொட்டுகளின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சுவரில் வரைபடம் வரைந்தார்கள். அம்மோனியாவின் கோடு ஏறி இறங்க, அதன் பின்னே நைட்ரைட்டின் கோடு ஏறி இறங்கியது. இரண்டும் பூஜ்யத்தைத் தொட்ட அன்று, மீன் வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அவர்களே. கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஒரு நாளில் ஒருவர் மட்டுமே உணவிட வேண்டும், தொட்டியில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் ஆகிய விதிகளும் அந்த இடைவெளியில் பழக்கமாகிவிட்டன.

மீன் விஷயத்தில் கடையின் மேல் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. குட்டிகள் பெருகாமல் இருக்க கப்பி என்னும் சிறிய வண்ண மீனில் ஆண்கள் மட்டும் ஆறு கேட்டேன். வண்ணம் மங்கிய ஒன்றைப் பையில் கவனிக்காமல் வாங்கி வந்துவிட்டேன், அது பெண். மூன்றாம் வாரத்தில் அது குட்டி போட்டது. பெண் கப்பி ஆணின் விந்தைப் பல மாதங்கள் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் ஈனக்கூடியது என்பதால் இது சிறிய தவறு அன்று. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள் என்பது வேறு. கூடுதல் மீன்களுக்கு வீடு தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏரியில் விட்டுவிடலாம் என்று ஒரு மாணவன் சொன்னபோது, வெளிநாட்டு மீனை நம் நீர்நிலையில் விடக் கூடாது என்பதை விளக்க ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளச் சக்கர் மீன் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது ஓரடிக்கு மேல் வளரக்கூடியது, தானே ஏராளமாகக் கழிவை வெளியேற்றுவது. 54 லிட்டர் தொட்டியில் அதற்கு இடமில்லை. மறுவாரம் திருப்பிக் கொடுத்தபோது மறுப்பின்றி வாங்கிக்கொண்டார்கள் என்றாலும், முதலில் கொடுத்திருக்கவே கூடாது.

மீன்களின் உடல்நிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையைப் பதினைந்து நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையால் எடுத்து விடும் முறையை அந்த உரிமையாளர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் குளோரினால் அழிந்துவிடும், தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே அலச வேண்டும் என்றும் சொன்னார். நான்கு மாதங்களில் வாங்கி வந்த ஆறில் ஒன்றுகூடச் சாகவில்லை.

வாங்கச் செல்லும் ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வாரநாள் மாலையில் செல்லுங்கள். கூட்டம் இருந்தால் இவ்வளவு விளக்கம் கிடைக்காது. மே மாத விடுமுறையில் மீன்களைக் கடையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.