ரைபிள், கிராஸ்போ, பெருந்துளைக் காற்றுத் துப்பாக்கி: டெக்சாஸ் மான் வேட்டைக்கு எது ஏற்றது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெள்ளைவால் மானைக் காற்றுத் துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. முன்கூட்டியே காற்று நிரப்பிக்கொள்ளும் வகையாக அது இருக்க வேண்டும். குண்டு குறைந்தது 0.30 அங்குல விட்டமும் 150 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையும் கொண்டு நொடிக்கு 800 அடி வேகத்தில் புறப்பட வேண்டும், அல்லது எடையும் வேகமும் சேர்ந்து 215 அடி-பவுண்டு (ஏறத்தாழ 290 ஜூல்) ஆற்றலையாவது தர வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருப்பதால், இங்கே சொல்லப்படுபவை டெக்சாஸ் பண்ணைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆற்றலை மட்டும் பார்த்தால் ஒப்பீட்டுக்கே வேலையில்லை. .30-06 என்ற பரவலான வேட்டை ரைபிளின் 150 கிரெய்ன் தோட்டா ஏறத்தாழ 3,800 ஜூல் ஆற்றலோடு குழலை விட்டு வெளியேறுகிறது. ஏர்ஃபோர்ஸ் நிறுவனத்தின் .457 (0.457 அங்குலத் துளை) டெக்ஸன் போன்ற காற்றுத் துப்பாக்கி 350 கிரெய்ன் ஈயக்குண்டை நொடிக்கு 800 அடி வேகத்தில் அனுப்பும்போது கிடைப்பது 680 ஜூல் அளவுதான். துப்பாக்கிபோலத் தோளில் பொருத்தி விசையை அழுத்தி அம்பு எய்யும் வில்லான கிராஸ்போவில், பலவற்றின் அம்புக்கு 200 ஜூல் அளவே இருக்கிறது. ஆயினும் அந்த அம்பு மானைச் சாய்க்கிறது. ரைபிள் தோட்டா அதிவேகத்தில் விரிந்து சுற்றியுள்ள திசுவையும் சிதைக்கிறது. அம்பும் கனத்த ஈயக்குண்டும் நுரையீரலில் அகலமான வழியைத் திறந்து இரத்த இழப்பால் உயிரைப் போக்குகின்றன. ஆகவே காற்றுத் துப்பாக்கியை ரைபிளின் தம்பியாகக் கருதாமல் வில்லின் உறவாகக் கருதுவதே சரி. இதை உணராதவர் கையில் அது காயப்பட்ட விலங்குகளையே விட்டுச் செல்லும்.

இந்த உறவுக்குள் பார்த்தால், கிராஸ்போவைவிடக் காற்றுத் துப்பாக்கிக்குத் தெளிவான மேன்மை ஒன்று உண்டு. நாற்பது மீட்டர் தொலைவில் நிற்கும் மானை நோக்கி நொடிக்கு 400 அடி வேகத்தில் விடப்படும் அம்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடியில் போய்ச் சேர்கிறது. வில்நாண் விடுபடும் ஒலியோ அதற்கு ஐந்தில் ஒரு நொடி முன்பாகவே மானின் காதை எட்டிவிடும். பதற்றத்தில் இருக்கும் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்த அந்த இடைவெளி போதும். இதயத்துக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பாயும். காற்றுத் துப்பாக்கியின் குண்டு ஒலிக்குப் பின்னால் ஏறத்தாழ இருபதில் ஒரு நொடி மட்டுமே தாமதிக்கிறது, அதற்குள் மானால் அசைய முடியாது. வேட்டையில் நான் பெரிதாக மதிப்பது விலங்கு துன்பமின்றி இறப்பதைத்தான் என்பதால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

ஆனால் தொலைவு கூடக்கூட அந்த மேன்மை கரைந்துவிடுகிறது. ஐம்பது மீட்டருக்கு ஸ்கோப் எனும் குறிநோக்கியைச் சரிசெய்து வைத்த .457 துப்பாக்கியின் குண்டு, நூறு மீட்டரில் குறியிலிருந்து ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் கீழே விழுகிறது. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பரப்பு அந்த உயரத்துக்கு இல்லை. .30-06 ரைபிளில் இவ்விரு தொலைவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடே கிடையாது. எனவே தொலைவை அளக்கும் கருவி இல்லாமல் காற்றுத் துப்பாக்கியோடு பரணில் அமரக் கூடாது. அது இருந்தாலும் அறுபது மீட்டருக்கு மேல் விசையை அழுத்தக் கூடாது என்பதே என் கருத்து. திறந்த புல்வெளியில் ரைபிளே சரியான தேர்வு.

காட்டுப்பன்றி வேறு கதை. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளை மூடித் தடித்த, குருத்தெலும்பு போன்ற கவசம் வளர்கிறது. சட்டம் கேட்கும் 215 அடி-பவுண்டை மட்டும் எட்டும் துப்பாக்கியால் அந்தத் தோளைத் துளைக்க முயல்வது தவறு. .457 இருந்தாலும் காதுக்குக் கீழே சுட வாய்க்கும் வரை காத்திருக்க வேண்டும். கூட்டமாக வரும் பன்றிகளில் இரண்டை வீழ்த்த நினைப்பவருக்கு ரைபிள்தான் உதவும்.

காற்றைச் சேகரிப்பதும் ஒரு சுமைதான். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம் இருக்குமென்றால், இந்தத் துப்பாக்கிகளின் தொட்டியில் 3,000 பவுண்டு இருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் அழுத்தம் இறங்குவதால் மூன்றாவது, நான்காவது குண்டுகள் முதல் குண்டைவிடத் தாழ்ந்து படும். எத்தனை குண்டுகள் ஒரே இடத்தில் படுகின்றன என்பதை அட்டையில் சுட்டுப் பார்த்துத்தான் காட்டுக்குப் போக வேண்டும். மீண்டும் நிரப்பக் கைப்பம்பு போதாது. கார்பன் இழை உருளையோ கம்ப்ரஸரோ தேவைப்படும். அந்த உருளையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு மானுக்காகச் செல்பவருக்கு இவ்வளவு செலவு நியாயமாகாது. அவர் ரைபிளையே வைத்துக்கொள்ளலாம்.

அம்புக்கு மட்டுமே உரிய பருவத்தில் டெக்சாஸில் கிராஸ்போ செல்லும், காற்றுத் துப்பாக்கி செல்லாது. சீக்கிரமே காட்டுக்குள் போக விரும்புபவருக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பொதுப் பருவத்தில், மரங்கள் அடர்ந்த சிறிய பண்ணையில், தீனித்தொட்டிக்கு நாற்பது மீட்டருக்குள் பரண் அமைத்திருப்பவருக்கு நான் காற்றுத் துப்பாக்கியையே பரிந்துரைப்பேன். கூட்டரசுச் சட்டம் அதைச் சுடுகலனாகக் கருதுவதில்லை என்பதற்காக அலட்சியம் கூடாது: 350 கிரெய்ன் ஈயக்குண்டு மானைத் துளைத்து வெளியேறிய பிறகும் ஆளைக் கொல்லும் ஆற்றலோடு செல்லக்கூடும். பரணின் உயரமும் பின்னாலிருக்கும் மண்மேடும் சேர்ந்து அதை நிலத்தில் இறக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே துப்பாக்கியை வாங்கலாம்.