க்ரூசியல் 16 ஜிபி டிடிஆர்5 ராம்: குச்சி நல்ல குச்சிதான், வெலதான் தக்காளி வெல

2025 ஜூன்ல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்ப்யூட்டருக்குப் போடுற இந்த 5600 ஸ்பீடு ராம் (மெமரி) குச்சி ஒண்ணு வாங்கினேன், நாலாயிரத்துக்குள்ள. கடைக்கார அண்ணன் "ஜோடியா எடுத்துக்க தம்பி, நல்லாருக்கும்"னாரு, நான் பெரிய மேதாவியாட்டம் "வெல எறங்கும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்"னு வந்துட்டேன். 2026 ஜனவரில போய் நின்னா அதே குச்சி மூணு மடங்குக்கு மேல, அதுலயும் "இது இப்போதைக்கு ரேட்டு, சாயங்காலம் வந்து கேக்காத"ங்கிறாரு.

பொருள்ல குறையே இல்ல. சூடு தணிக்கிற ஹீட்சிங்க் தகடு கெடையாது, லைட்டு கெடையாது, மொட்டை போர்டு, சிஎல்46 டைமிங் (கேட்ட டேட்டாவ குடுக்க ஆகுற தாமதம், நம்பர் கொறஞ்சா நல்லது), கேமிங் பசங்க பாத்தா சிரிப்பாங்க. நான் பண்றது கல்யாண வீடியோ எடிட்டிங், எனக்கு இது போதும். வேற வழியில்லாம அந்த வெலைக்கே வாங்கின ரெண்டாவது குச்சிய அமுத்தி கிளிப் டக்குனு விழுந்ததும் நைட்டு முழுக்க மெம்டெஸ்ட் (ராம்ல கோளாறு இருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர்) ஓடவிட்டேன், காலைல ஒரு எரர் கூட இல்ல. முன்னாடி முகூர்த்தம் வந்தாலே டைம்லைன் திக்கித் திணறும், இப்ப வழுக்கிட்டு போகுது.

சரி, வெல ஏன் இப்படி? என் ஃப்ரெண்டு ஒருத்தன் மைக்ரான் ஷேர் வச்சிருக்கான் (மெமரி சிப்பு செய்யுற அமெரிக்க கம்பெனி, க்ரூசியல் அவங்க பிராண்டுதான்), இன்னொருத்தன் அத வித்துட்டு வயிறெரிஞ்சிட்டு இருக்கான், டீக்கடைல இதே பஞ்சாயத்துதான். வச்சிருக்கவன் சொல்றது: ஏஐ கார்டுக்குப் போற எச்பிஎம் மெமரி செய்ய, அதே அளவு டிடிஆர்5க்கு (நம்ம குச்சில இருக்குற மெமரி) ஆகுற வேஃபர் (சிப்பு செய்யுற சிலிக்கான் தட்டு) மாதிரி மூணு மடங்கு வேணும், 2026க்கான எச்பிஎம் பூரா வெலயும் அளவும் பேசி முடிச்சாச்சு, அமெரிக்காவுல ஐடஹோல மைக்ரான் கட்டுற புது ஃபேப்ல (சிப்பு ஃபேக்டரி) வேஃபர் வர 2027 நடுவுல ஆயிடும், அதுவரைக்கும் சரக்கு எங்கடா வரும்? வித்தவன் சொல்றது: மெமரிங்கிறது தக்காளி மச்சான், வெல ஏறுனா சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேரும் சேந்து வெதைப்பான், அப்புறம் ரோட்ல கொட்டுவான். 2022 கடைசில டிமாண்ட் இல்லாம மைக்ரான் உற்பத்திய 20 சதவீதம் வெட்டுச்சு, 2023 நிதியாண்டுல 580 கோடி டாலருக்கு மேல நஷ்டம், மறந்துட்டியா?

எனக்கென்னமோ ரெண்டுமே சரியாத்தான் படுது. நஷ்டப்பட்டு சூடு கண்டவன், இப்ப புது ஃபேக்டரி தொறக்குறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிக்கிறான், அந்த யோசனைக்கு காசு குடுக்குறது நம்ம. "குஜராத் சனந்துல மைக்ரான் ஃபேக்டரி வருதே, வெல கொறையாதா"ன்னு கேக்குறவங்களுக்கு, அங்க நடக்குறது அசெம்பிளியும் டெஸ்டிங்கும்தான், சிப்பு அங்க வெளையாது.

இதுல பெரிய கூத்து, 2025 டிசம்பர்ல மைக்ரான் க்ரூசியல் சில்லறை வியாபாரத்தையே 2026 பிப்ரவரியோட நிறுத்துறோம்னு சொல்லிடுச்சு. 29 வருஷ பிராண்டு. பெரிய கிராக்கி வந்ததும் ஒத்த குச்சி வாங்குற நம்மள கழட்டி விட்டாச்சு.

பொருளுக்கு அஞ்சுக்கு நாலரை, வெலைக்கு ஒண்ணு குடுக்கவே கை வரல. 16 ஜிபில சமாளிக்க முடிஞ்சா சமாளிங்க, பதறி வாங்காதீங்க. வாரண்டி தொடரும்னு சொல்லியிருக்காங்க, அதனால வாங்குனா பில்ல மட்டும் கேட்டு வாங்கி பத்திரமா வச்சுக்கங்க, வெறும் துண்டுச்சீட்ட நீட்டுனா வேற கடைக்கு நடையக் கட்டுங்க.