கிளட்ச் பிளேட் மாற்றியதாகப் பில் வந்தது. இன்ஜின் மூடியைத் திறக்கவே இல்லை

வண்டியின் சில்லறை வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் கை வைத்த வண்டி சரியாக ஓடாமல், பட்டறைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், "வீட்டில் பிரித்தோம்" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "என்ன ஆயில் விட்டீர்கள்? என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டால் நம்பி வண்டியை விடலாம். நாக்கைச் சப்புக்கொட்டி, "ஏன் சார் கை வைத்தீர்கள்?" என்று ஆரம்பித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சப்புக்கொட்டல்தான் கிடைத்தது. கூடவே 2,850 ரூபாய்க்கு ஒரு பில்.

என் வண்டி பழைய ஸ்பிளெண்டர், 97.2 சிசி. ஹீரோவும் ஹோண்டாவும் ஒன்றாக இருந்த காலத்தது. கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து இழுவை குறைந்திருந்ததால், பிளேட், ஸ்பிரிங், கிளட்ச் வயர் மூன்றையும் வீட்டில் மாற்றினேன். இது எனக்குப் புதிய வேலை இல்லை. கிளட்ச் நட்டைக் கழற்றுவதற்கென்று உள்ள நான்கு பல் சாக்கெட்டும் என்னிடம் இருக்கிறது. புதிய பிளேட்டுகளை உலர்ந்தபடியே மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும் என்பதால் ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்டினேன். மூடியின் பேக்கிங்கும் புதிது. முடித்த பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், ஆயில் இறக்கும் நட்டிலும், மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். போல்ட்டில் தொடங்கி மூடியில் முடியும் கோடு அது. போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும் என்பதற்காகச் செய்யும் பழக்கம். அது வேறு ஒன்றையும் காட்டிக்கொடுக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஆயில் மட்டும் வழக்கமான கடையில் கிடைக்கவில்லை. பஸ் நிலையத்தை ஒட்டிய இன்னொரு உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். 10டபிள்யூ-30 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. "உங்கள் வண்டிக்கு இதே நம்பர்தான் சார். இது அதைவிட உயர்ந்த ரகம். மைலேஜ் கூடும்" என்றார். மைலேஜ் கூடும் என்பது பொய்யில்லை. யாருடைய மைலேஜ் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

ஊருக்குள் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. மறுவாரம் கொல்லிமலை ஏறியபோது குட்டு வெளிப்பட்டது. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது நாமக்கல் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் சில வளைவுகள் சாதாரணமாகவே ஏறிவிட்டன. இன்ஜின் சூடேறிய பிறகு, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி நகரும் வேகம் கூடவில்லை. இரண்டாவதுக்கு இறக்கினால் கொஞ்சம் பிடிக்கிறது, வளைவில் மறுபடி வழுக்குகிறது. இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை, காதுதான் மீட்டர். பின்னால் உட்கார்ந்திருந்த மைத்துனர், "மாமா, வண்டி பாடுகிறதே ஒழியப் போக மாட்டேன் என்கிறது" என்றார்.

இப்படி ஆனால் அது கிளட்ச் வழுக்கல்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் சரியாக வராவிட்டாலோ ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ இன்ஜின் சத்தமே ஏறாது, திணறும். செயின் தளர்ந்து பல்சக்கரத்தில் தாவினால் கடகடவென்று உதைத்துக் காட்டும். சத்தம் வழவழவென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால்தான் கிளட்ச். அதிகமாக வழுக்கினால் கருகிய வாடையும் சேர்ந்து வரும்.

மலையிலிருந்து இறங்கியதும், மூடியை மறுபடி கழற்ற நேரம் இல்லாத ஒரு வாரம். பெயர்ப்பலகையும் கணினிப் பில்லும் உள்ள ஒரு பட்டறையில் விட்டேன். வீட்டில் பிளேட் மாற்றிய பிறகு வழுக்குகிறது என்று சொன்னேன். உரிமையாளர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஹவுசிங்கில் பள்ளம் விழுந்துவிட்டது சார், நீங்கள் மாட்டியதில் பிளேட்டும் போய்விட்டது" என்றார். கிளட்ச் லிவரின் தளர்வைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஹவுசிங் என்பது பிளேட்டுகள் உட்காரும் கிண்ணம், அதன் சுவர் விரல்கள் போலப் பிரிந்து நிற்கும். மூடிக்குள் இருக்கும் அதன் பள்ளம் தெருவில் ஒரு சுற்று சுற்றியதில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இருபது வருட அனுபவம்" என்றார். ஹவுசிங்கில் பள்ளம் விழுந்தால் பிளேட்டுகள் விலகாமல் மாட்டிக்கொள்ளும். லிவரைப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கும், கியர் விழுவது கடினமாகும். வழுக்குவதற்கு நேர் எதிரான நோய் அது. அந்த இடத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்தான். மறுநாள் அவசர வேலை இருந்தது.

மறுநாள் மாலை வண்டி தயார். பில்லில் கிளட்ச் பிளேட் செட், ஹவுசிங், பேக்கிங், ஒரு லிட்டர் ஆயில், கூலி என்று வரிசையாக இருந்தது. பழைய பாகங்களைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில் கருகிப்போன பிளேட்டுகளைக் கொடுத்தார்கள். ஹவுசிங்கை மட்டும் "கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்" என்றார்கள். எந்தக் கம்பெனி தேய்ந்த ஹவுசிங்கைத் திரும்ப வாங்குகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே லிவர் தொளதொளவென்று ஆடியது. பாதி தூரம் பிடித்த பிறகுதான் ஏதோ நடக்கிறது. சிக்னலில் நியூட்ரல் விழவில்லை. முதல் கியர் போட்டால் 'டக்' என்று அடித்துக்கொண்டு விழுகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது அதே பழைய வழுக்கலும் இருந்தது. ஒரே வண்டியில் இரண்டு நோயும் குடியேறிவிட்டன. வயரின் அட்ஜஸ்டரை வேண்டிய மட்டும் தளர்த்திவிட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. வயர் இறுக்கமாக இருந்து வழுக்கினால் அட்ஜஸ்டரைத் தளர்த்துவது சரியான வைத்தியம்தான், காசும் செலவில்லை. என் வண்டியில் தளர்வு முதலிலேயே சரியாக இருந்ததால் அது உதவவில்லை.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நகப்பூச்சுக் கோடுகள் ஒன்றுகூட முறியவில்லை. மூடியைக் கழற்ற வேண்டுமானால் முதலில் கிக்கரைக் கழற்ற வேண்டும். கிக்கரின் போல்ட்டில் புழுதி படிந்தது படிந்தபடி இருந்தது. ஆயில் இறக்கும் நட்டின் கோடும் அப்படியே. அதாவது ஆயிலும் மாற்றவில்லை. பையில் இருந்த பிளேட்டை எடுத்து, நான் முன்பு கழற்றி வைத்திருந்த என் பழைய பிளேட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பெரிய வண்டியின் பிளேட். என் ஹவுசிங்குக்குள் அது நுழையவே நுழையாது.

எல்லாவற்றையும் தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டேன். இதை நீங்களும் செய்யுங்கள். கோபத்தில் ஸ்பேனரை எடுத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

பிறகுதான் அந்த ஆயில் டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்துக்கு வந்தேன். அது காருக்கான ஆயில். காரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்கு வெளியே, தனியாக, உலர்ந்தபடி இருக்கிறது. அதனால் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைத் தாராளமாகக் கலக்கலாம், எரிபொருள் மிச்சமாகும். கடைக்காரர் சொன்ன மைலேஜ் இதுதான். நம்முடைய கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் அதே இன்ஜின் ஆயிலில்தான் குளித்துக்கொண்டிருக்கின்றன. பிளேட்டும் பிளேட்டும் உரசிப் பிடிப்பதே அவற்றின் வேலை. உராய்வைக் குறைக்கும் மருந்தை அங்கே ஊற்றினால் வேறு என்ன ஆகும்? கார் ஆயில்கள் இந்தத் திசையில் போனதால்தான் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று 1998-இல் ஜாசோ டி 903 என்ற தனித் தரத்தை வகுத்தார்கள். அதில் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று குறித்தவை ஆயிலில் நனையும் கிளட்சுக்கு உகந்தவை. எம்பி என்றால் உராய்வு குறைந்தது. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்குச் சரி, கியர் பைக்குக்கு ஆகாது. என் வண்டியின் கையேடு கேட்பது 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ. கடைக்காரர் முதல் பாதியைக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டார். 10டபிள்யூ-30 என்ற எண் ஆயிலின் கெட்டித்தன்மையைத்தான் சொல்லும், கிளட்ச் பிடிக்குமா என்பதைச் சொல்லாது. டப்பாவில் எரிபொருள் சிக்கனம் பற்றிய முத்திரை இருந்து, ஜாசோ எம்ஏ என்ற எழுத்து இல்லாவிட்டால் கியர் பைக்குக்கு வாங்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தேன். உள்ளே நான் மாட்டிய பிளேட்டுகளே இருந்தன. ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் எதுவும் இல்லை. இரும்பு பிளேட்டுகளில் ஒன்றில் மட்டும் சூட்டின் நீலம் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், வளையவில்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சரியான ஆயிலில் ஊறவைத்து மாட்டினேன். சுழலும் ஆயில் ஃபில்டரையும் வலையையும் சுத்தம் செய்தேன். புது ஆயில் விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, மிச்சம் மீதி கார் ஆயில் போகட்டும் என்று அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினேன். லிவரின் தளர்வைப் பழையபடி வைத்தேன். இப்போது மலையில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏறினாலும் பிடிக்கிறது. ஆயில் வழுக்கலை ஆரம்பத்திலேயே பிடித்தால் இப்படிப் பிளேட்டைக் காப்பாற்றலாம். கருகிய பிளேட்டை எந்த ஆயிலும் காப்பாற்றாது. புதிது போட வேண்டியதுதான்.

உங்கள் வண்டி வழுக்கினால் பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்களே பார்த்துவிடக்கூடியவை உண்டு. லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறுமனே ஆட வேண்டும். இது ஸ்பிளெண்டருக்கான அளவு. உங்கள் வண்டிக்குக் கையேட்டைப் பாருங்கள். ஹேண்டிலை இடப்பக்கக் கடைசிக்கும் வலப்பக்கக் கடைசிக்கும் திருப்பி மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் தளர்வு காணாமல் போனால் வயர் தவறான வழியில் போகிறது. பிளேட் தேயத் தேயத் தளர்வு குறைந்துகொண்டே வரும், ஆகவே போன மாதம் சரியாக இருந்தது என்பது கணக்கில்லை. அடுத்து, ஆளில்லாத சமதளச் சாலையில் கடைசி கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு முழுதாகத் திருகுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் முக்கி முனகி மெதுவாக வேகம் ஏறும். சத்தம் சட்டென்று தாவினால் வழுக்கல். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கியரில் கிளட்சை விடும் சோதனையும் உண்டு. இன்ஜின் அணைந்தால் நல்லது. அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும், ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

தளர்வும் ஆயிலும் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் மூடியைத் திறக்க வேண்டும். திறப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். புதிய பாகங்களின் காலி உறையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் பாக எண்ணும் விலையும் இருக்கும். பழைய பாகத்தைப் புதியதன் மேல் வைத்து அளவு ஒன்றா என்று பாருங்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். முதலில் "சார், நாங்கள்தான் திறந்தோம்" என்றார் உரிமையாளர். நகப்பூச்சுப் படங்களைக் காட்டினேன். "பையன் வேறு வண்டி என்று நினைத்துவிட்டான்" என்றார். வேறு வண்டிக்குப் போட வேண்டிய புது பிளேட்டும் ஹவுசிங்கும் எங்கே என்றேன், பதில் இல்லை. பாகங்களுக்கான தொகையைத் திருப்பித் தந்தார். கூலியைத் தர மறுத்துவிட்டார். எதற்குக் கூலி என்றால், அட்ஜஸ்டரைத் திருகியதற்காம். உதிரிபாகக் கடைக்காரரோ, பிரித்த டப்பாவுக்கு அவர் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் பில்லும் தரவில்லை. பில் கொடுக்காமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

மீதித் தொகைக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பட்டறைக்குச் செய்தி போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பையன் வந்து, "அந்தப் பழைய பிளேட்டுகளை வாங்கிவரச் சொன்னார்கள்" என்றான். 'பழைய பாகங்கள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டன' என்று அவர்களே பில்லின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டி அனுப்பிவிட்டேன்.