கியர்பாக்ஸை வீட்டிலேயே பிரிக்கிறவங்க கவனத்துக்கு: பழைய பார்ட்ஸை கடையில் விட்டுட்டு வராதீங்க

ராமநாதபுரம் பக்கம் பழைய மாருதி 800 வச்சிருக்கிறவங்க, அதிலும் கியர்பாக்ஸ் வேலையை நாமளே செஞ்சுக்கலாம்னு நினைக்கிறவங்க, இதைப் படிச்சுட்டு அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்க. எனக்கு 6,400 ரூபாயும் போச்சு, நல்லா இருந்த என் சொந்த பார்ட்ஸும் போச்சு.

எங்க ஊர் பெரியபட்டினம். வண்டி வாப்பா 2007-ல் வாங்கினது. உம்மாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இன்னைக்கும் அதுதான். ஒரு வருஷமா ரெண்டாவது, மூணாவது கியர் போடும்போது கர்ர்னு பல் உரசிட்டு இருந்தது. நியூட்ரலில் கிளட்ச்சை விட்டா உள்ளே ஒரு ஊளைச் சத்தம், மிதிச்சா அடங்கிடும். உரசல்னா சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துற பித்தளை வளையம்) தேய்ஞ்சிருக்கு, ஊளைன்னா இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுத்தை கியர்பாக்ஸுக்குள்ளே கொண்டு வர்ற தண்டு) பேரிங் போயிருக்குன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மெக்கானிக் 14,000 கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, ரெண்டு நாள் வேலை அது. என்கிட்ட காசு இல்லை, நேரம் இருந்தது.

கச்சான் காத்து மண்ணை வாரி இறைக்கிற மாசத்தில் கியர்பாக்ஸை வெளியே வச்சுப் பிரிக்க முடியாது. காத்து ஓயட்டும்னு போன அக்டோபர் வரை பொறுத்திருந்தேன். டிரைவ் ஷாஃப்ட் ரெண்டையும் உருவி, இன்ஜினை ஜாக்கியில் தாங்கி, பாக்ஸைக் கீழே இறக்கவே ஒரு பகல் போச்சு. உப்புக் காத்து பட்டு, அலுமினிய கேஸும் இரும்பு போல்ட்டும் சேர்ற இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து இறுகிப் போயிருந்தது. ராத்திரி முழுக்க டீசலில் ஊற விட்டுத்தான் கழட்டினேன். வாப்பாவோட பழைய வேட்டியைத் திண்ணையில் விரிச்சு, கழட்டின வரிசையிலேயே ஒவ்வொண்ணா வச்சேன். கியரை மாத்தித் தள்ளுற செலக்டர் ஷாஃப்டை உருவும்போது குட்டி இரும்புக் குண்டு தெறிச்சு ஓடும்னு கேள்விப்பட்டிருந்தேன். சொன்ன மாதிரியே ஓடுச்சு. அந்த வேட்டிதான் பிடிச்சது.

நாலு சிங்க்ரோ ரிங்கும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால, எது எந்த கியரோடதுன்னு மறக்காம இருக்க, பக்கவாட்டு முகத்தில் பஞ்ச் உளியால ஒரு புள்ளி, ரெண்டு புள்ளின்னு நாலு வரை குத்தி வச்சேன். ஒண்ணும் நாலும் நல்லாவே இருந்தது, உள்பக்கம் நுணுக்கமான வரிவரியான பள்ளம் அப்படியே இருந்தது. ரெண்டும் மூணும் உள்ளே மழுங்கி வழுவழுன்னு ஆகியிருந்தது. அந்த வரிதான் கியர் கோனில் (கியரோட கூம்பு மாதிரி இருக்கிற பக்கத்தில்) ஒட்டியிருக்கிற ஆயிலை வழிச்சு விட்டுப் பிடிக்கும். பிடிச்சாத்தான் ரெண்டு சுத்தும் ஒரே வேகத்துக்கு வந்து கியர் சத்தமில்லாம விழும். வரி போச்சுன்னா வழுக்கும், உரசும்.

மாருதி 800 உற்பத்தியை 2014 ஜனவரியிலேயே நிறுத்திட்டாங்க. பார்ட்ஸ் தேடி அலையணும், ஏமாத்துறவங்களுக்கு அதுவே வசதி. கடைக்கு சாம்பிளுக்காக நாலு ரிங்கையும் ரெண்டு பேரிங்கையும் பையில் போட்டுக்கிட்டுப் போனேன். கடை பேரை இங்கே போடலை, புகார் நடந்துட்டு இருக்கு.

கடைக்காரர் ரொம்ப மரியாதையா, "வாங்க பாய், யார்கிட்ட வேலை?"ன்னு கேட்டார். நானேதான், வீட்டில், முதல் தடவைன்னு பெருமையா சொன்னேன். நான் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை அது. உள்ளே போய்ப் பெட்டி பெட்டியா எடுத்து வந்தார். "நாலையும் சேர்த்து மாத்திடுங்க பாய், பாதி மாத்தினா நிக்காது. பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க, 400 ரூபாய் கழிச்சுக்கிறேன்"னார். பில் கேட்டதுக்கு, "பில் போட்டா 28 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும்"னு சொன்னார். 2025 செப்டம்பர் 22-லிருந்து வண்டி பார்ட்ஸுக்கு 18 சதவீதம்தான். அது எனக்கு அப்போ தெரியாது. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். வந்த பேர் கடை பேர் இல்லை, யாரோ ஒருத்தர் பேர். அதையும் பார்த்தும் பார்க்காம விட்டுட்டேன்.

மாட்டினதும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. பன்னிரண்டு நாள். பதிமூணாவது நாள் உம்மாவோட திரும்பி வரும்போது திருப்புல்லாணி தாண்டினதும் மூணாவது கியர் மறுபடி உரசுச்சு. ஊளைச் சத்தம் முன்னைவிட மோசமா வந்தது. உம்மா பயந்து போய், "நிறுத்துப்பா, நிறுத்துப்பா"ன்னுட்டே வந்தாங்க. வீட்டுக்கு வந்து ஆயிலை வடிச்சேன். மீன் செதில் மாதிரி மினுமினுன்னு இரும்புத் தூள்.

மறுபடியும் பாக்ஸை இறக்கினேன். இந்தத் தடவை ரிங்கையும் பேரிங்கையும் கீழக்கரையில் லேத் வச்சிருக்கிற ஒரு காக்காகிட்ட (அண்ணனை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டு போனேன். அவர் ரிங்கை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே புளி போட்டு விளக்கின குத்துவிளக்கு மாதிரி பளபளப்பு. ஆனா பல்லோட நுனி எல்லாம் உருண்டு போயிருந்தது, உள்ளே வரி பாதி இல்லை. கியர் கோனில் ரிங்கை வச்சு அழுத்தித் திருப்பிக் காட்டினார், சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. தன் டப்பாவிலிருந்து ஒரு நல்ல ரிங்கை எடுத்து அதே கோனில் வச்சு அழுத்தினார். ரெண்டு கை போட்டுத் திருப்பியும் அசையலை. பேரிங்கில் வெளி வளையத்தில் இருக்க வேண்டிய நம்பர் தேய்ச்சு அழிச்சிருந்தது. "தம்பி, இது புதுசு இல்லை. பழசை பஃப் போட்டு மெருகேத்திப் புதுப் பெட்டியில் வச்சிருக்கான்"னார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். அன்னைக்கு இருந்த மரியாதை இல்லை. "நீதான் தப்பா மாட்டியிருக்கே, வீட்டில் பிரிச்சா இப்படித்தான் ஆகும்"னு நாலு பேர் முன்னாடி சொன்னார். மெக்கானிக்குக்குக் கொடுத்திருந்தா மெக்கானிக் வந்து சண்டை போடுவார். முதல் தடவை செய்றவன் தன் கை மேலேயே சந்தேகப்படுவான், பேசாமப் போயிடுவான். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன், எங்கே தப்பு பண்ணினோம்னு தூங்காம யோசிச்சுட்டு.

அதனால சொல்றேன். யார் வேலை பார்க்கிறாங்கன்னு கடையில் சொல்லாதீங்க. பழைய ரிங்கோட புது ரிங்கைப் பக்கத்தில் வச்சு, உள் வரியை நகத்தால தடவிப் பாருங்க. கியரையும் கையோட கொண்டு போய்க் கோனில் அழுத்தித் திருப்பிப் பாருங்க. வீட்டில் ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு, அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுத்துட்டு அப்புறம் மாட்டுங்க. அரை மில்லிமீட்டர் கூட இடைவெளி இல்லைன்னா அந்த ரிங் வேண்டாம். பேரிங்கில் நம்பர் தெளிவா இல்லைன்னா பெட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் திருப்பிக் கொடுங்க. ஆயிலும் அந்தக் கடைக்காரர் கொடுத்ததுதான், "இது ஒசத்தி"ன்னு ஜிஎல்-5 தர கியர் ஆயில் கேனைத் தந்தார். எல்லா ஜிஎல்-5-ம் பித்தளையைக் கெடுக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம வண்டி மேனுவல் கேட்கிறது ஜிஎல்-4. டிஃபரன்ஷியலுக்கு (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற பாகம்) ஒசத்தியா இருக்கிறது ரிங்குக்கு ஒசத்தி ஆகாது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அங்கே பதிவு பண்ணிட்டேன். பதில் சரியில்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போகணும். பில் இல்லாத என் கையில் இருக்கிற ஆதாரம் அந்த ஜிபே ரசீதும், அழிச்ச நம்பரோட இருக்கிற பேரிங்கும்தான். இப்போ ஓடுற ரிங்குகள் பார்ட் நம்பர் சொல்லி, பில்லோட ஆர்டர் போட்டு வாங்கினது, ஒன்பது நாள் ஆச்சு. உம்மா மறுபடி வண்டியில் ஏற ஆரம்பிச்சிருக்காங்க.

நல்லா இருந்த என் ஒண்ணாம் நம்பர், நாலாம் நம்பர் ரிங்கும், தேய்ஞ்ச ரெண்டும் மூணும் இன்னும் அந்தக் கடையில் இருக்கணும், இல்லைன்னா யாரோட பெட்டிக்கோ போயிருக்கணும். பஃப் போட்டா பளபளப்பு வரும், ஆழமா குத்தின புள்ளி போகாது. இந்தப் பக்கம் யாராவது மாருதி 800-க்குப் புதுசுன்னு வாங்கின சிங்க்ரோ ரிங்கில், பக்கவாட்டில் ஒண்ணிலிருந்து நாலு வரை புள்ளி குத்தியிருந்தா, மாட்டாம ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அது எங்க வாப்பா வண்டியோடது.